வீட்டு மரக்கழிவு எடுக்க சென்னை மாநகராட்சி தனி கட்டணம் வெச்சா கொடுப்பீங்களா?

மடிப்பாக்கம்வாசி
எல்லாருக்கும் வணக்கம். இங்க நிறைய பேருக்கு இந்த அனுபவம் இருக்கும்னு நெனச்சு கேக்குறேன். வீட்ல ரெண்டு தென்னை, ஒரு மா, காம்பவுண்டு ஓரமா ஒரு முருங்கை. ஐப்பசி மழைக்கு முன்னாடி கழிச்சு விட்டே ஆகணும், இல்லன்னா மட்டை போய் பக்கத்து வீட்டு கார் மேல விழுந்து பஞ்சாயத்து ஆயிடும். மரம் ஏறுறவருக்கு கூலி கொடுக்கறதுல பிரச்சனை இல்ல, அவர் வெட்டிப் போட்டுட்டு போனதுக்கு அப்புறம்தான் தலைவலியே. காலைல வர்ற பேட்டரி வண்டில மக்கும் குப்பை மக்காத குப்பைன்னு தொட்டி வெச்சிருக்காங்க, அதுல பன்னெண்டடி மட்டை எங்க போகும்? "இது நாங்க எடுக்கறதில்ல சார், தனியா சொல்லுங்க"ன்றாங்க. தனியா சொன்னா ஒரு குட்டி யானை (சின்ன லோடு வண்டி) வரும், "பாத்து கொடுங்க"ன்னு நிக்கும். ஒரு தடவை 300ல முடியும், ஒரு தடவை 800 வரைக்கும் போகும், ரசீதுன்ற பேச்சே கிடையாது. எங்க கொண்டு போய் கொட்டுறாங்கன்னும் தெரியாது, பக்கத்து காலி மனைலயே கொட்டிட்டு போனதையும் பாத்திருக்கேன்.

இதுக்கு மாநகராட்சியே ஒரு ரேட் போட்டு, புக் பண்ணா வந்து எடுத்துட்டு போற மாதிரி பண்ணா கொடுப்பீங்களா? இல்ல சொத்து வரிலயே அடக்கம்னு சொல்லுவீங்களா?

ஃபிளாட்_3பி
ஒரு பைசா எக்ஸ்ட்ரா கிடையாது. 2022ல சொத்து வரிய ஏத்துனாங்களே, அது எதுக்கு?

வெட்டிஆபீசர்
3பி ப்ரோ, உங்க வீட்ல மரமே இல்லையே, பால்கனில ஒரு துளசி மாடம், ஒரு மணி பிளான்ட். நீங்க எதுக்கு டென்ஷன் ஆறீங்க 😀

ஃபிளாட்_3பி
அதான் சொல்றேன். என்கிட்ட மரம் இல்ல, அடுத்தவன் மாமரத்துக்கு நான் ஏன் கட்டணும். அவன் மாங்காய் கொடுத்தானா?

ரிட்டயர்டு_ஏஇ
இந்த சண்டை புதுசு இல்லீங்க. 2020 டிசம்பர்ல மாநகராட்சி குப்பைக்கு பயனர் கட்டணம்னு அறிவிச்சாங்க, வீட்டுக்கு மாசம் 10 ரூபால இருந்து 100 ரூபா வரைக்கும், 2021 ஜனவரி 1ல இருந்து அமல்னு சொன்னாங்க. ஒரே எதிர்ப்பு, நிறுத்தி வெச்சுட்டாங்க. தேர்தல் வருஷம் வேற. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கறதுன்னாலே எல்லாருக்கும் பயம்.

சட்டத்துல என்ன இருக்குன்னும் பாத்துக்கங்க. 2026 மார்ச் வரைக்கும் அமல்ல இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே தோட்டக் கழிவுக்கு தனியா ஒரு ஷரத்து இருந்துது. வீட்டுக்காரர் அதை மத்த குப்பையோட கலக்காம தன் இடத்துக்குள்ளயே தனியா வெச்சு, உள்ளாட்சி சொல்ற மாதிரி அப்புறப்படுத்தணும். தெருவுல தள்ளக் கூடாது, எரிக்கக் கூடாது. பயனர் கட்டணம் வாங்கவும் அதே விதில அதிகாரம் இருந்துது. இன்னொரு பக்கம் உள்ளாட்சிக்கும் கடமை போட்டிருந்துது: பார்க், தோட்டக் கழிவை முடிஞ்ச வரைக்கும் அங்கயே மக்க வைக்கணும், தெரு கூட்டுறவங்க சருகை எரிக்காம தனியா சேர்த்து கொடுக்கணும். ஆக நம்ம வீட்டுக்குள்ள விழறது நம்ம தலைல, ரோட்டுல விழறது அவங்க தலைல. இந்தக் கோடு ஏற்கனவே போட்டாச்சு, யாரும் படிக்கறதில்ல.

சருகு
நல்லா சொன்னீங்க சார். ஆனா அந்தக் கோட்டுல ஒரு ஓட்டை இருக்கு. எங்க வாசல்ல நிக்கிற தூங்குமூஞ்சி மரம் மாநகராட்சி மரம். அது கொட்டுற இலையும் காயும் பாதி ரோட்டுல, பாதி எங்க மொட்டை மாடில. நான் கூட்டி மூட்டை கட்டி வெச்சா அது என் கழிவா அவங்க கழிவா? இதுக்கும் காசு கேட்டா மக்கள் என்ன பண்ணுவாங்க தெரியுமா, வாசல் மரத்துக்கு ராவோட ராவா ஆசிட் ஊத்துவாங்க. ஏற்கனவே "குப்பை போடுது"ன்னு சொல்லித்தான் பாதி மரத்தை மொட்டை அடிக்கிறானுங்க. கட்டணம்னு ஒண்ணு வந்தா மரம் வெச்சிருக்கறதுக்கே அபராதம் மாதிரி ஆயிடும், அதை யோசிங்க.

நைட்ஷிப்ட்
+1. வர்தா புயல் வந்து (2016 டிசம்பர் 12) ஆயிரக்கணக்குல மரம் போச்சு. இருக்கறதுக்கும் வரி போட்டீங்கன்னா அப்புறம் வெயில்ல காயுங்க.

கொடுங்கையூர்_பையன்
எல்லாரும் எடுக்கறதை பத்தியே பேசறீங்க, எடுத்தது எங்க வருதுன்னு ஒருத்தரும் கேக்கல. எங்க வீட்டு பக்கம்தான் வருது. வடக்கு பக்கத்து குப்பை கொடுங்கையூருக்கு, தெக்கு பக்கத்து குப்பை பெருங்குடிக்குன்னு பல வருஷமா போய்ட்டிருந்துது. பெருங்குடி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்து ஓரம். 2022 ஏப்ரல்ல அங்க தீப்பிடிச்சுதே ஞாபகம் இருக்கா, அந்த பக்கம் இருக்கறவங்க மூச்சு விட முடியாம கஷ்டப்பட்டாங்க. எங்களுக்கு அது வருஷா வருஷம் கோடைல நடக்கறது. காஞ்ச ஓலையும் சருகும் பிளாஸ்டிக்கோட கலந்து கெடந்தா என்ன ஆகும்? மேல காஞ்சது பத்திக்கும், அடியில மக்கறதுல இருந்து மீத்தேன் வரும், தண்ணி அடிச்சாலும் உள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கும்.

இப்ப அந்த பழைய குப்பை மலையை பயோமைனிங்னு தோண்டி பிரிக்கறதுக்கு கொடுங்கையூர்ல மட்டும் 600 கோடிக்கு மேல. அன்னைக்கு பிரிச்சு எடுக்காததோட பில்லு இது. அதனால உங்க 300 ரூபா 800 ரூபா கதை எனக்கு சிரிப்பா இருக்கு. காசு கொடுங்க கொடுக்காம போங்க, என் பக்கம் அனுப்பாதீங்க.

மடிப்பாக்கம்வாசி
தம்பி நீங்க சொல்றது நியாயம். அதனாலதான் முறையா ஒரு சர்வீஸ் வேணும்னு கேக்குறேன். நான் கொடுக்கற காசு மட்டையை ஒழுங்கா அரைச்சு உரமாக்கப் போகுதுன்னா சந்தோஷமா கொடுப்பேன்.

ஹாரோ_அக்கா
நான் லண்டன் பக்கம் ஹாரோல இருக்கேன், அம்மா வீடு குரோம்பேட்டை, அதனால ரெண்டு பக்கமும் பாக்குறேன். இங்க எப்படின்னா, வீட்டு குப்பைக்கு கவுன்சில் தனியா காசு கேக்கக் கூடாது, அது கவுன்சில் டாக்ஸ்ல வந்துடும். தோட்டக் குப்பை எடுக்க மட்டும் காசு வாங்கிக்கலாம்னு சட்டமே சொல்லுது (இங்கிலாந்து, வேல்ஸ்க்கு 2012ல வந்த ரெகுலேஷன்). வேணும்னா சேரலாம், வேண்டாம்னா விடலாம். சேர்ந்தா ஒரு 240 லிட்டர் சக்கர தொட்டி, மேல ஒட்ட ஒரு ஸ்டிக்கர், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவாங்க, நிறைய ஊர்ல குளிர்காலத்துல நிறுத்திடுவாங்க. கட்டணம் ஊருக்கு ஊர் வேற, வருஷத்துக்கு 50 பவுண்டுல இருந்து 100 பவுண்டுக்குள்ள நிறைய இடத்துல.

இங்கயும் இதே சண்டைதான். "ரெண்டு தடவ வரி கட்டறோம்"னு ஒரு குரூப், "மாடி வீட்ல இருக்கறவன் எதுக்கு உன் புல்லுக்கு கட்டணும்"னு இன்னொரு குரூப். அரசாங்கமே எல்லாருக்கும் இலவசமா கொடுக்கலாமான்னு யோசிச்சு பாத்துட்டு கடைசில கவுன்சில் காசு வாங்கிக்கட்டும்னு விட்டுட்டாங்க. ஆனா ஒண்ணு, இங்க புல்லு வெட்டறது, வேலிச்செடி கத்தரிக்கறது, அது தொட்டில போய்டும். அம்மா வீட்டு தென்னை மட்டைய 240 லிட்டர் தொட்டில போடணும்னா அருவாளோட ஒருத்தர் பக்கத்துலயே உக்காரணும். அப்படியே காப்பி அடிச்சா வேலைக்காகாது.

வெட்டிஆபீசர்
அக்கா பவுண்டுல கணக்கு சொல்லி வயித்துல புளிய கரைக்காதீங்க

ரிட்டயர்டு_ஏஇ
அந்த அம்மா சொன்னதுல முக்கியமான விஷயம் இருக்கு, தோட்டக் கழிவு எடை பிரச்சனை இல்ல, இடம் அடைக்கிற பிரச்சனை. ஒரு டிப்பர்ல சமையல் குப்பை ஏத்தினா டன் கணக்குல ஏறும், அதே டிப்பர்ல ஓலையும் கிளையும் ஏத்தினா சில நூறு கிலோலயே நிரம்பிடும். டீசல் அதே டீசல், ஆள் கூலி அதே கூலி. ஒரு காலத்துல தனியார் ஒப்பந்தம் எல்லாம் டன்னுக்கு இவ்வளவுன்னு இருந்துது. டன் கணக்குல காசு வாங்கறவன் மட்டையைத் தொடுவானா? கட்டட இடிபாடு கெடச்சா அள்ளுவான். அப்புறம் டன் கணக்கை விட்டுட்டு தெரு எவ்வளவு சுத்தமா இருக்கு, வீடு வீடா எடுக்கறாங்களான்னு அளவுகோல் வெச்சு காசு கொடுக்கற ஒப்பந்தம் வந்துது. அந்த அளவுகோல்ல "புக்கிங் வந்த மரக்கழிவு எத்தனை நாள்ல எடுத்தீங்க"ன்னு ஒரு வரி இல்லேன்னா, அடிமட்டத்துல இருக்கற ஆளுக்கு இது எக்ஸ்ட்ரா வேலைதான். எக்ஸ்ட்ரா வேலைக்கு கைக்காசு கேக்கத்தான் செய்வான். அவனை திட்டி பிரயோஜனம் இல்ல.

ஒரு பேச்சுக்கு கணக்கு போடுறேன், எல்லாம் என் உத்தேசம், அரசாங்க கணக்கு இல்ல. ஒரு வார்டுக்கு ஒரு குட்டி யானை, டிரைவர், ரெண்டு ஆள், டீசல் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 3000. ஒரு நாள்ல எட்டு வீடு முடிப்பாங்கன்னு வைங்க, வீட்டுக்கு 375 ஆகுது. இதையே வார்டுல இருக்கற எல்லார் மேலயும் பரப்பினா? மாசம் 25 நாள் ஓடுனா 75,000. பத்தாயிரம் வீடு இருந்தா தலைக்கு ஏழரை ரூபா. 3பி தம்பி, உங்களுக்கு மாசம் ஏழரை ரூபா.

ஃபிளாட்_3பி
ஏழரைன்னதும் சனி பிடிச்ச மாதிரி இருக்கு சார். இன்னைக்கு ஏழரை, நாளைக்கு பதினஞ்சு. அது எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. என் கவலையே அதான். பொதுக் கஜானால போய் விழுந்தா மரக்கழிவுக்குன்னு வாங்கின காசுல வேற எதாவது பண்ணுவாங்க.

தண்டையார்பேட்டை_தனி
பெங்களூருல 2025 ஏப்ரல்ல இருந்து சொத்து வரியோட சேத்தே குப்பை கட்டணம் வாங்கறாங்க, கட்டட அளவை பாத்து மாசம் 10 ரூபால இருந்து 400 வரைக்கும். என் தங்கச்சி அங்கதான் இருக்கா, கட்டறதுல அவளுக்கு வருத்தம் இல்ல, கட்டின பிறகும் தெருமுனைல மூட்டை கெடக்குதேன்னுதான் வருத்தம்.

கேரளாவுல வேற மாதிரி. ஹரித கர்ம சேனான்னு குடும்பஸ்ரீ (மகளிர் குழு) பெண்கள் வீட்டுக்கு வீடு வந்து பிளாஸ்டிக் மாதிரி மக்காத குப்பையை எடுக்கறாங்க, கிராமத்துல மாசம் 50 ரூபா மாதிரி வாங்கறாங்க, அந்தக் காசுதான் அவங்க வருமானம். எடுக்கற கைக்கே காசு போகுது, ரசீதும் உண்டு. அது மரக்கழிவுக்கு இல்லன்னாலும் மாடல் பிடிச்சிருக்கு.

நைட்ஷிப்ட்
எங்க பெரியம்மா தூய்மைப் பணி, அதனால ஒண்ணு சொல்றேன். 2025 ஆகஸ்ட்ல மாநகராட்சி தலைமை ஆபீஸான ரிப்பன் மாளிகை வாசல்ல மண்டலம் 5, 6 ஆளுங்க தனியாருக்கு விடறதை எதிர்த்து உக்காந்தாங்க, நடுராத்திரில தூக்கி வண்டில ஏத்துனாங்க, நியூஸ்ல பாத்திருப்பீங்க. அவங்க பயமெல்லாம் இருக்கற சம்பளம் குறையுமேன்னுதான். இந்த மாதிரி நேரத்துல நாம ஒரு புது சர்வீஸ் கேக்கறோம்னா அது யார் முதுகுல ஏறும்? காலைல ஆறு மணிக்கு தெரு கூட்ட வர்ற அதே ஆள் மதியம் முள்ளு முருங்கை கிளையையும் தூக்கணும். கையுறை கொடுக்கறதே அபூர்வம், பனை மட்டை கருக்கு கைய கிழிக்கும். தனி ஆள், தனி வண்டி, அதுக்கு தனி காசுன்னா நான் கட்டணத்துக்கு ஓட்டு போடறேன். இருக்கற ஆளையே பிழியறதுன்னா வேணாம்.

சருகு
இது யாரும் சொல்லாத பாயின்ட். நன்றி.

அப்புறம் என் முக்கியமான கேள்வி, இதை ஏன் தூக்கிட்டு போகணும்? முன்னாடி மட்டை விழுந்தா கீத்து பின்றவங்க வந்து கேட்டு வாங்கிட்டு போவாங்க, ஈர்க்குச்சி விளக்குமாறுக்கு போகும், பாளையும் பன்னாடையும் வெந்நீர் அடுப்புக்கு போகும். இப்ப கூரையும் இல்ல அடுப்பும் இல்ல, அதனாலதான் அது "கழிவு" ஆயிடுச்சு. ஆனா இன்னைக்கும் அதுக்கு ஒரு தேவை இருக்கு. வார்டுக்கு வார்டு உரக்கிடங்கு வெச்சிருக்காங்கல்ல, அதுல பாதி ஏன் நாறுது தெரியுமா? சமையல் கழிவு மட்டும் கொட்டுறாங்க, அதுல நைட்ரஜனும் தண்ணியும் ஜாஸ்தி. கார்பன் 25, 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு இருந்தாத்தான் நல்லா மக்கும். அந்த கார்பன் எங்க இருக்கு? சருகுல, அரைச்ச ஓலைல. அதாவது உரக்கிடங்குக்கு தேவையான சரக்கை நாம லாரில ஏத்தி தம்பி கொடுங்கையூருக்கு அனுப்பிட்டு, இங்க மூக்கை பொத்திக்கிட்டு நிக்கறோம்.

ஒரு பார்க்குக்கு ஒரு ஷ்ரெடர் (கிளை, ஓலை அரைக்கிற மெஷின்) போட்டா போதும். அரைச்சா அளவு நாலுல ஒரு பங்கா குறையும், வண்டி ட்ரிப்பும் குறையும், ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சார் சொன்ன 375 அப்படியே இறங்கும்.

ரிட்டயர்டு_ஏஇ
ஷ்ரெடர் நல்ல யோசனை, ஆனா நான் சர்வீஸ்ல பாத்ததை சொல்றேன். மெஷின் வாங்க நிதி வரும், திட்டத்துல பணம் இருக்கும், ரிப்பன் வெட்டுவாங்க. ஆறு மாசத்துல பிளேடு மழுங்கும். பிளேடு மாத்த, சாணை பிடிக்க, ஆபரேட்டர் சம்பளத்துக்கு எந்த தலைப்புலயும் பணம் இருக்காது. தென்னை மட்டை நார் வேற பிளேடுல சுத்திக்கும், அதுக்குன்னே இருக்கற மெஷின் வாங்கணும், சருகு அரைக்கிறதை வாங்கி வெச்சுட்டு மட்டையை திணிச்சா ஒரே வாரம். அதனால கட்டணம்னு ஒண்ணு வாங்கினா அது வண்டிக்கு இல்ல, ஓட்டற செலவுக்கு, பராமரிப்புக்குன்னு தனி கணக்குல போகணும். மெஷினை அரசு கொடுக்கட்டும், பிளேடுக்கு நாம கொடுப்போம். 3பி தம்பி கேட்ட கேள்விக்கும் இதான் பதில்.

ஃபிளாட்_3பி
வார்டு வாரியா வரவு செலவு போர்டுல எழுதி ஒட்டுவாங்களா? ஒட்டினா மாசம் பத்து ரூபா நான் ரெடி. சொல்லிட்டேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

வெட்டிஆபீசர்
எடுத்தாச்சு 😂

மடிப்பாக்கம்வாசி
எல்லாரும் சொன்னதை வெச்சு என் மனசுல ஓடறது இது. வீட்டு மரத்துக்கு புக்கிங் கட்டணம், ரசீதோட, ஒரு 150 - 200 மாதிரி. முழு செலவும் வீட்டுக்காரன் தலைல போட்டா ஜனங்க திரும்ப ராத்திரில காலி மனைக்குதான் தூக்கிட்டு போவாங்க, அதனால மீதி பொது நிதி. ரோட்டு மரத்துல இருந்து விழறது யார் மாடில விழுந்தாலும் இலவசம், சருகு சார் சொன்ன மாதிரி மூட்டை கட்டி வெச்சா எடுக்கணும். கரண்டு லைனுக்காக கிளை வெட்டறவங்க வெட்டினதை அன்னைக்கே அவங்களே எடுத்துட்டு போகணும், அது ஒரு வாரம் நடைபாதைல கெடந்து காய்ஞ்சு போறது எந்த கணக்குல சேர்த்தி? 100 கிலோவுக்கு மேல தினமும் குப்பை போடற பெரிய குடியிருப்பு, கல்லூரி இதெல்லாம் விதிப்படி தாங்களே பாத்துக்கணும், அவங்களுக்கு இந்த வண்டி கிடையாது.

2025ல சனிக்கிழமைகள்ல பழைய சோபா மெத்தை எல்லாம் சொன்னா வந்து எடுக்கற ஏற்பாடு பண்ணாங்களே, புக்கிங் பண்ற வழி ஏற்கனவே இருக்கு, 1913ம் நம்ம சென்னை ஆப்பும் இருக்கு. அதுல மரக்கழிவுக்குன்னு ஒரு நாளும் ஒரு ரேட்டும் சேக்கறது பெரிய வேலையா?

தண்டையார்பேட்டை_தனி
எல்லா வார்டுக்கும் ஒரே மாதிரி போடக் கூடாதுங்க. 2011ல 42 உள்ளாட்சிய சேத்துதான் 174 சதுர கிலோமீட்டர் சென்னை 426 ஆச்சு. உங்க மடிப்பாக்கம், வளசரவாக்கம் பக்கம் தனி வீடு தோட்டத்தோட. எங்க பக்கம் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல கை நுழையாது, மரம்னா தெரு முனை கோயில் அரச மரம்தான். எங்களுக்கு மாசம் முழுக்க ஒரு வண்டி எதுக்கு? எங்க பங்குக்கு அந்தக் காசுல மார்க்கெட் வாழைமட்டையும் ஆயுத பூஜை முடிஞ்சு மலை மாதிரி குவியற வாழைக்கன்னும் எடுக்க விடுங்க.

கொடுங்கையூர்_பையன்
நானும் ஒத்துக்கறேன், ஒரே கண்டிஷன். எந்த மண்டலத்து மரக்கழிவும் அந்த மண்டலத்துக்குள்ளயே அரைக்கணும். வெளிய போற ஒவ்வொரு லோடுக்கும் அந்த வார்டு எங்க பகுதிக்கு காசு கட்டணும், அந்தக் காசு இங்க ஆஸ்பத்திரிக்கும் ரோட்டுக்கும் வரணும். அப்ப பாருங்க எல்லா வார்டுலயும் பிளேடு எப்படி பளபளன்னு இருக்கும்னு.

ரிட்டயர்டு_ஏஇ
தம்பி, நீங்க கவுன்சிலருக்கு நில்லுங்க. நிஜமா சொல்றேன், இந்தப் பேச்சுல உருப்படியான நிதி யோசனை அதுதான். லோடுக்கு காசுன்னு வெச்சாத்தான் மண்டல ஆபீஸ் அசையும்.

ஹாரோ_அக்கா
இங்கயும் மண்ணுல புதைக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் கவுன்சில் அரசாங்கத்துக்கு வரி கட்டணும், 1996ல வந்தது. தோட்டக் கழிவை தனியா எடுத்து உரமாக்க ஆரம்பிச்சதுக்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

நைட்ஷிப்ட்
ஷ்ரெடர் சத்தத்துக்கு பார்க்ல வாக்கிங் போற பெரியவங்க ஒத்துக்குவாங்களா? எங்க ஏரியால ஜிம் மெஷின் கிரீச்சுன்னு சத்தம் போடுதுன்னே மனு கொடுத்தாங்க.

சருகு
மதியம் பதினொன்னுல இருந்து மூணு, வாக்கிங் கூட்டம் இருக்காது. ஸ்கூல் பக்கத்து பார்க் மட்டும் விட்டுடலாம். ஏரியா சபை கூட்டத்துல கேக்கறதுக்கு நான் ஒரு பக்கத்துல டிராஃப்ட் எழுதறேன், ஏ.இ. சார் அந்த கணக்கை மட்டும் உங்க கைல சரி பாத்து கொடுங்க. 375னு எழுதறதா, இல்ல ஷ்ரெடர் போட்டா எவ்வளவு ஆகும்னு ரெண்டாவது கணக்கும் சேக்கறதா?

ரிட்டயர்டு_ஏஇ
ரெண்டும் போடுங்க. கரண்டு பில்லையும் ஆபரேட்டர் சம்பளத்தையும் மறக்காதீங்க, அதை விட்டுட்டா முதல் கேள்வியே அதுதான் கேப்பாங்க.